ஸ்காலா ப்ராஜெக்டில் முதல் ப்ளகின்: எஸ்பிடி-அசெம்ப்ளியை மாட்டி ஒரே ஜார் எடுப்பது எப்படி

ஸ்காலாவுக்குப் புதிதாக வருபவர்கள் மொழியில் திணறுவதைவிட, நிரலைக் கட்டித் தரும் கருவியான எஸ்பிடியில் திணறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேப், ஃபோல்டு, பேட்டர்ன் மேட்சிங் எல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் "இந்த ப்ளகினைச் சேர்த்துக்கொள்" என்று யாரோ கொடுத்த ஒற்றை வரியை எந்தக் கோப்பில் ஒட்டுவது என்று தெரியாமல் ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

இங்கே ஒரே ஒரு ப்ளகினை எடுத்துக்கொள்வோம்: எஸ்பிடி-அசெம்ப்ளி. உங்கள் நிரலையும் அதற்குத் தேவையான லைப்ரரிகளையும் சேர்த்து ஒரே ஜார் கோப்பாகக் கட்டித் தருவது இதன் வேலை. அந்த ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஜாவா இருக்கும் வேறொரு கணினியில் ஓட்டலாம். இதை மாட்டத் தெரிந்துவிட்டால் மற்ற ப்ளகின்களுக்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

ஜேடிகேவும் எஸ்பிடியும் ஏற்கெனவே நிறுவியிருக்கிறீர்கள், "ரன்" என்று தட்டினால் ஓடுகிற ஒரு சின்ன ப்ராஜெக்ட் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நீளமான பெயர்களின் நடுவே பெரிய எழுத்து வரும், அதனால் அவற்றை ப்ளகினின் சொந்தப் பக்கத்திலிருந்து நகலெடுப்பதே நல்லது.

ப்ளகின் யாருக்கு வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

எஸ்பிடியை மார்க் ஹாரா 2008-இல் தொடங்கினார். பில்டு விவரங்களை, அதாவது நிரலை எப்படிக் கட்டுவது என்ற விவரங்களை, எக்ஸ்எம்எல்லில் எழுதாமல் ஸ்காலாவிலேயே எழுதலாம் என்பதுதான் அதன் விசேஷம். அந்த விவரங்கள் இருக்கும் பில்ட்.எஸ்பிடி என்ற கோப்பில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஸ்காலாதான். அப்படியென்றால் அந்த வரிகளையும் யாராவது கம்பைல் செய்தாக வேண்டுமே? எஸ்பிடியே செய்கிறது. நீங்கள் எஸ்பிடி என்று தட்டியதும் அது உங்கள் நிரலை உடனே தொடுவதில்லை. முதலில் உங்கள் பில்டைக் கம்பைல் செய்கிறது, அப்புறம்தான் நிரலுக்கு வருகிறது.

ஆக, உங்களிடம் இருப்பது இரண்டு ப்ராஜெக்ட். ஒன்று உங்கள் நிரல். இன்னொன்று அந்த நிரலைக் கட்டுகிற பில்டு. பில்டுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் "ப்ராஜெக்ட்" என்ற ஃபோல்டரில் இருக்கும். ப்ளகின் என்பது இந்த இரண்டாவது ப்ராஜெக்டுக்கான லைப்ரரி. வீடு கட்டும்போது கட்டுகிற சாரம்போல. சாரம் இல்லாமல் சுவர் எழும்பாது, ஆனால் சாரத்தை யாரும் சுவருக்குள் வைத்துப் பூசுவதில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் கண்ணால் பார்த்துவிடலாம். எஸ்பிடி ஷெல்லுக்குள் போய் "ரீலோட் ப்ளகின்ஸ்" என்று தட்டுங்கள். ப்ராம்ப்டில் உங்கள் ப்ராஜெக்டின் பெயருக்குப் பின்னால் "பில்ட்" என்ற வால் முளைத்திருக்கும். இப்போது நீங்கள் நிற்பது பில்டுக்குள். இங்கே "ஷோ லைப்ரரி டிபென்டன்சீஸ்" கேட்டால் உங்கள் நிரலின் லைப்ரரிகள் எதுவும் வராது, பில்டுக்குச் சேர்த்த ப்ளகின்கள் வரும். திரும்பி வர "ரீலோட் ரிட்டர்ன்". பில்டையே கட்டுவதற்கு ஒரு ப்ளகின் வேண்டுமென்றால் ப்ராஜெக்டுக்குள் இன்னொரு ப்ராஜெக்ட் ஃபோல்டர் போடலாம். அதற்குள்ளும் இன்னொன்று போடலாம். போட வேண்டிய தேவை உங்களுக்கு அநேகமாக வராது.

படி 1: எஸ்பிடியின் பதிப்பைப் பாருங்கள்

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் பில்ட்.ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் எஸ்பிடி.வெர்ஷன் என்று ஒரே ஒரு வரி, சமக்குறிக்குப் பின்னால் 1.10.7 என்பதுபோல ஓர் எண். நீங்கள் கணினியில் நிறுவிய எஸ்பிடி வெறும் தொடக்கி மட்டுமே. இந்தக் கோப்பில் எந்த எண் இருக்கிறதோ அந்தப் பதிப்பைத் தேடி இறக்கி ஓட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. "என் கணினியில் புது எஸ்பிடிதானே இருக்கிறது, இது ஏன் பழையது என்கிறது?" என்று கேட்பவர்கள் இந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை.

எண் 1-இல் தொடங்கினால் சரி. 0.13 என்று இருந்தால், முதலில் அதை மேலே கொண்டுவந்துவிட்டு அப்புறம் ப்ளகினைப் பற்றி யோசியுங்கள்.

படி 2: ஒரு வரி, சரியான கோப்பில்

அதே ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ப்ளகின்ஸ்.எஸ்பிடி என்று ஒரு கோப்பு. பெயர் ஒரு வழக்கம்தான். அந்த ஃபோல்டரில் எஸ்பிடி என்று முடிகிற எந்தக் கோப்பையும் அது படிக்கும். சிலர் ஒவ்வொரு ப்ளகினுக்கும் தனிக் கோப்பு வைப்பார்கள். எனக்கு ஒரே கோப்பில் எல்லாம் இருப்பதுதான் வசதி, திறந்ததும் மொத்தப் பட்டியலும் தெரியும்.

அதில் எழுத வேண்டிய வரி "ஆட் எஸ்பிடி ப்ளகின்" என்று தொடங்கும். அடைப்புக்குள் மேற்கோள் குறியிட்ட மூன்று துண்டுகள், நடுவில் % குறி: வெளியிடுபவரின் அடையாளம், ப்ளகினின் பெயர், பதிப்பு எண். அசெம்ப்ளிக்கு அந்த முதல் துண்டு பார்ப்பதற்குக் கடவுச்சொல் மாதிரி இருக்கும்: எழுத்துகளுக்கு நடுவே ஒரு 3, ஒரு 9. கையால் தட்டாதீர்கள். ஓர் எழுத்து தவறினாலும் "கிடைக்கவில்லை" என்றுதான் பிழை வரும், எழுத்துப்பிழை என்று அது சொல்லாது.

இன்னொன்று கவனியுங்கள். ஸ்காலா லைப்ரரிகளைச் சேர்க்கும்போது முதல் இரண்டு துண்டுகளுக்கு நடுவே %% என்று இரட்டைக் குறி போட்டுப் பழகியிருப்பீர்கள். ப்ளகின் வரியில் ஒற்றைக் குறிதான். எந்த ஸ்காலா, எந்த எஸ்பிடி என்ற இரண்டு எண்களையும் "ஆட் எஸ்பிடி ப்ளகின்" தானே ஒட்டிக்கொள்ளும்.

அந்த இரண்டு எண்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எஸ்பிடி 1-இன் எல்லாப் பதிப்புகளிலும் பில்டு ஸ்காலா 2.12-இல்தான் கம்பைல் ஆகிறது. உங்கள் நிரல் 2.13-இல் இருக்கலாம், ஸ்காலா 3-இல் இருக்கலாம், பில்டுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதனால் ப்ளகின் கிடைக்கவில்லை என்று பிழை வரும்போது, செய்தியில் ஸ்காலா 2.12, எஸ்பிடி 1.0 என்று பார்த்துப் பயந்துபோய் உங்கள் நிரலின் ஸ்காலா பதிப்பை மாற்றக் கிளம்பாதீர்கள். அந்த எண்கள் அப்படித்தான் இருக்க வேண்டும். எஸ்பிடி 1.10 ஓட்டினாலும் அங்கே 1.0 என்றே வரும். 1 வரிசை முழுமைக்கும் ஒரே அடையாளம்.

மாறாக, அந்த இடத்தில் 2.13 அல்லது 3 என்று தெரிந்தால், வரியைத் தவறான கோப்பில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ப்ளகின் வரி ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் போகாமல் வெளியே இருக்கும் பில்ட்.எஸ்பிடிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதை உங்கள் நிரலுக்கான லைப்ரரி என்று நினைத்து எஸ்பிடி தேடிக்கொண்டிருக்கிறது. தலைகீழாகவும் நடக்கும். நிரலுக்கு வேண்டிய ஜேசன் லைப்ரரியை ப்ளகின்ஸ்.எஸ்பிடியில் போட்டுவிட்டால் பில்டு அழகாக ஏறிவிடும், ஆனால் நிரலைக் கம்பைல் செய்யும்போது இம்போர்ட் வரியிலேயே "இப்படி ஒன்று இல்லை" என்று நிற்கும். சாரத்தையும் சுவரையும் குழப்பிக்கொண்டதன் விளைவு இரண்டும்.

படி 3: ரீலோட், பிறகு சரிபார்ப்பு

எஸ்பிடி ஷெல் ஏற்கெனவே திறந்திருந்தால் "ரீலோட்" என்று தட்டுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் வெளியே வந்து மறுபடி தொடங்குபவராக இருந்தால், அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஜேவிஎம் எழுந்து, பில்டு ஏறி முடிவதற்குள் பொறுமை போய்விடும். ஷெல்லுக்குள்ளேயே இருந்து வேலை செய்யுங்கள்.

பிழையில்லாமல் ஏறிவிட்டால் "ப்ளகின்ஸ்" என்று தட்டிப் பாருங்கள். எந்தெந்த ப்ளகின் எந்தெந்த ப்ராஜெக்டில் இயங்குகிறது என்ற பட்டியல் வரும். அதில் அசெம்ப்ளி ப்ளகின் என்ற பெயர் இருக்கிறதா? சரி.

எல்லா ப்ளகினும் இப்படித் தானாக விழித்துக்கொள்வதில்லை. அசெம்ப்ளி, நிரல் வரிகளை ஒழுங்குபடுத்தும் ஸ்காலாஃபெம்ட் போன்றவை சேர்த்ததும் இயங்கும். பில்ட்இன்ஃபோ, நேட்டிவ் பேக்கேஜர் போன்றவற்றைச் சேர்த்த பிறகு, பில்ட்.எஸ்பிடியில் "எனேபிள் ப்ளகின்ஸ்" என்று சொல்லி எழுப்பவும் வேண்டும். சேர்த்தாயிற்று, பிழையும் இல்லை, ஆனால் அதன் கட்டளையைத் தட்டினால் தெரியாது என்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். "ப்ளகின்ஸ்" பட்டியலின் கீழ்ப்பகுதியில் ஏற்றப்பட்டும் எங்கும் எழுப்பப்படாத ப்ளகின்கள் தனியாக வரும். அங்கே உங்களுடையது தூங்கிக்கொண்டிருக்கும்.

படி 4: ஜார் எடுப்பது

"அசெம்ப்ளி" என்று தட்டுங்கள். லைப்ரரிகள் அதிகம் இல்லையென்றால் டார்கெட் ஃபோல்டருக்குள், ஸ்காலா பதிப்பின் பெயரிட்ட உள் ஃபோல்டரில், உங்கள் ப்ராஜெக்டின் பெயரும் "அசெம்ப்ளி" என்ற சொல்லும் பதிப்பு எண்ணும் சேர்ந்த ஒரு ஜார் வந்துவிடும். ஜாவாவுக்கு "-ஜார்" என்று சொல்லி அதை ஓட்டிப் பாருங்கள்.

"மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட் இல்லை" என்று ஜாவா சொன்னால், உங்கள் நிரலில் ஒன்றுக்கு மேற்பட்ட மெயின் இருக்கிறது, எதை எடுப்பது என்று எஸ்பிடிக்குத் தெரியவில்லை. பில்ட்.எஸ்பிடியில் அசெம்ப்ளியின் மெயின் கிளாஸ் இன்னது என்று := போட்டு ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. கவனியுங்கள், இந்த வரி வெளியே இருக்கும் பில்ட்.எஸ்பிடியில். ப்ளகினைக் கொண்டுவரும் வரி உள்ளே; ப்ளகினுக்குச் சொல்லும் அமைப்புகள் வெளியே.

படி 5: மோதல்

சொந்தமாக ஒரு நல்ல ப்ராஜெக்ட் எழுதி, பத்துப் பன்னிரண்டு லைப்ரரிகளைச் சேர்த்த பிறகு அசெம்ப்ளி ஓட்டினால் ஒரு நாள் இது வரும்: ஒரே பாதையில் வெவ்வேறு உள்ளடக்கம் கொண்ட கோப்புகள் இருப்பதாகச் சொல்லி, ஜார் பெயர்களை வரிசையாகப் பட்டியலிட்டு நின்றுவிடும். இது ப்ளகினின் கோளாறு அன்று. பல ஜார்களைப் பிரித்து ஒரே மூட்டையில் கொட்டும்போது, ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்தால் எதை வைப்பது என்று அது உங்களைக் கேட்கிறது. நியாயமான கேள்வி.

உடனே தேடுவீர்கள். நாலைந்து வரியில் ஒரு மருந்து கிடைக்கும்: ஜாரைப் பற்றிய தகவல்கள் இருக்கும் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் தூக்கிப் போடு, மற்றதில் முதலில் வந்ததை வைத்துக்கொள். ஒட்டினால் பிழை மறையும், ஜார் வரும். நானும் ஒட்டினேன். என் கணினியில் "ரன்" கொடுத்தபோது எல்லாம் சரி. ஜாரை சர்வரில் ஏற்றியதும் டேட்டாபேஸுக்குப் பொருத்தமான டிரைவர் இல்லை என்று விழுந்தது. டிரைவர் ஜாருக்குள்ளேயே இருந்தது, பெயர் சொல்லித் தேடினால் கிளாஸ் கோப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அரை நாள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டேன்.

நடந்தது இதுதான். ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர்கள் தாங்கள் இருப்பதை ஜாவாவுக்கு எப்படித் தெரிவிக்கின்றன? மெட்டா-இன்ஃபுக்குள் சர்வீசஸ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் ஜாவா.எஸ்க்யூஎல்.டிரைவர் என்ற பெயரில் ஒரு சின்ன உரைக்கோப்பு, அதில் டிரைவர் கிளாஸின் பெயர் ஒரே வரியில். ஜாவா அந்தக் கோப்பைப் படித்துத்தான் டிரைவரைக் கண்டுபிடிக்கிறது. மெட்டா-இன்ஃபை மொத்தமாகத் தூக்கிப் போட்டால் டிரைவர் இருக்கும், அதன் முகவரிச் சீட்டு இருக்காது. "ரன்" கொடுத்தபோது சிக்கல் இல்லாததற்குக் காரணம், அங்கே ஜார்கள் தனித்தனியாக இருந்தன, எதையும் யாரும் பிரிக்கவில்லை.

அந்த மருந்தின் இரண்டாம் பாதியும் ஆபத்துதான். ஒரே நேரத்தில் பல வேலைகளை நடத்த உதவும் "அக்கா" போன்ற லைப்ரரிகள் தங்கள் இயல்பு அமைப்புகளை ரெஃபரன்ஸ்.கான்ஃப் என்ற ஒரே பெயரில்தான் வைத்திருக்கின்றன, ஒவ்வொரு ஜாரிலும் ஒன்று. அவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும். முதலாவதை மட்டும் வைத்தால் மற்றவற்றின் அமைப்புகள் காணாமல்போய், நிரல் எழும்போதே இன்ன அமைப்பு இல்லை என்று விழும்.

வேடிக்கை என்னவென்றால், ப்ளகினின் இயல்பு விதிகள் இந்த இரண்டையும் ஏற்கெனவே சரியாகச் செய்கின்றன. சர்வீசஸ் கோப்புகளை வரி வரியாகச் சேர்த்து, திரும்ப வருவதை நீக்குகின்றன, ரெஃபரன்ஸ்.கான்ஃபை ஒட்டுகின்றன. நாம்தான் அவசர மருந்தால் அவற்றை அழித்துவிடுகிறோம்.

சரியான வழி: மோதுகிற பாதைக்கு மட்டும் விதி எழுதுங்கள், மற்றதைப் பழைய விதியிடமே விட்டுவிடுங்கள். அசெம்ப்ளி மெர்ஜ் ஸ்ட்ராட்டஜி என்ற அமைப்பின் மதிப்பு ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன். கோப்பின் பாதையை வாங்கிக்கொண்டு, மோதலைத் தீர்க்கும் உத்தியைத் திருப்பித் தருகிறது. அதை நீங்கள் ஏற்கெனவே கற்ற பேட்டர்ன் மேட்சிங்கில்தான் எழுதுகிறீர்கள். உதாரணமாக, இதில் அடிக்கடி அகப்படும் ஒரு பெயர் மாட்யூல்-இன்ஃபோ.கிளாஸ். கிளாஸ்பாத்தில் ஓடும் ஜாருக்கு அது தேவையில்லை. ஆகவே முதல் கேஸ்: பாதை அந்தப் பெயரில் முடிந்தால் டிஸ்கார்ட், அதாவது தூக்கிப் போடு. கடைசி கேஸ்: வேறு எதுவானாலும் அதே அமைப்பின் பழைய மதிப்பை ஸ்காலாவின் "வேல்" (val) ஒன்றில் எடுத்து வைத்துக்கொண்டு, பாதையை அதனிடம் கொடுத்துவிடு. இந்தக் கடைசி கேஸ்தான் உயிர்நாடி. கேஸ்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும் என்பது தெரிந்ததுதானே, அதனால் அதை மேலே வைத்துவிடாதீர்கள்.

மோதுவது உரைக்கோப்பாக இல்லாமல் உண்மையான கிளாஸ் கோப்புகளாக இருந்தால் உத்தி எழுதும் ஆசையை அடக்குங்கள். ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று இரண்டு தடவை வந்திருக்கிறது. நிரலின் பதிவுகளை எழுதும் லைப்ரரியான காமன்ஸ்-லாகிங்கும், அதற்குப் பதிலாக உட்காரும் ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜேவும் இதற்கு நல்ல உதாரணம்: இரண்டிலும் ஒரே பேக்கேஜ், ஒரே கிளாஸ் பெயர்கள். "டிபென்டன்சி ட்ரீ" என்று தட்டி யார் காமன்ஸ்-லாகிங்கை இழுத்து வருகிறார்கள் என்று பார்த்து, அந்த லைப்ரரி வரியில் எக்ஸ்க்ளூட் போடுங்கள். முதலில் வந்ததை வை என்ற பொருளில் ஃபர்ஸ்ட் என்று உத்தி எழுதினால் எந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு கலவை கிடைக்கும். எஸ்பிடி 1.4 முதல் இந்த ட்ரீ உள்ளேயே இருக்கிறது, தனியாக ப்ளகின் தேவையில்லை.

விதியை மாற்றியதும் ஜாரைத் திறந்து பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஜேடிகேயோடு வரும் "ஜார் டிஎஃப்" கட்டளை உள்ளே இருப்பதைப் பட்டியலிடும். சர்வீசஸ் ஃபோல்டர் அதில் இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்; எனக்கு அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

பெரிய தரவைப் பல கணினிகளில் (க்ளஸ்டரில்) பிரித்து அலசும் ஸ்பார்க்குக்கு ஜார் கட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஸ்பார்க் க்ளஸ்டரிலேயே இருக்கிறது, அதை உங்கள் ஜாருக்குள் திணிக்க வேண்டாம். அந்த லைப்ரரி வரியின் கடைசியில் ப்ரொவைடட் என்று சேர்த்தால் அசெம்ப்ளி அதை விட்டுவிடும். ஆனால் அதற்கப்புறம் வெறும் "ரன்" கொடுத்தால் ஸ்பார்க் கிளாஸ் இல்லை என்று சண்டைக்கு வரும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

பழைய குறிப்புகளை அடையாளம் காண

இணையத்தில் கிடைக்கும் எஸ்பிடி குறிப்புகளில் பாதி வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. அசெம்ப்ளி கீஸை இம்போர்ட் செய், அசெம்ப்ளி செட்டிங்ஸ் என்று மேலே ஒரு வரி எழுது என்று சொன்னால், அது தானியங்கி ப்ளகின்கள் வருவதற்கு, அதாவது 0.13.5-க்கு, முந்தைய வழி. "மெர்ஜ் ஸ்ட்ராட்டஜி இன் அசெம்ப்ளி" என்று நடுவில் "இன்" வந்தால் அதுவும் பழசு. இப்போது சாய்கோடு போட்டு, அசெம்ப்ளி முதலில், அமைப்பின் பெயர் பிறகு. ஒவ்வொரு வரிக்கும் நடுவே வெற்று வரி விடச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அந்தக் கட்டாயம் போய் வெகு காலமாயிற்று. லைப்ரரிகளை வைத்திருந்த பின்ட்ரே என்ற சேவையின் முகவரியை ரிசால்வராக (தேடும் இடமாக) சேர்க்கச் சொன்னால் அந்தக் குறிப்பையே மூடிவிடலாம்: அந்தச் சேவை 2021 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.

கிட்டில் எதைச் சேர்ப்பது

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கும் பில்ட்.ப்ராப்பர்ட்டீஸும் ப்ளகின்ஸ்.எஸ்பிடியும் கட்டாயம் கமிட் ஆக வேண்டும். டார்கெட் ஃபோல்டர்களைத் தவிர்த்துவிடுங்கள். வெளியே ஒன்று, ப்ராஜெக்டுக்குள் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கும்; பில்டும் ஒரு ப்ராஜெக்ட்தான் என்பதால் அதற்கும் தனி டார்கெட்.

உங்கள் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் எஸ்பிடி ஃபோல்டருக்குள், 1.0, அதற்குள் ப்ளகின்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அங்கே சேர்க்கும் ப்ளகின் உங்கள் கணினியில் உள்ள எல்லா எஸ்பிடி 1 ப்ராஜெக்டுக்கும் கிடைக்கும். வசதிதான். ஆனால் அசெம்ப்ளியை அங்கே வைத்துவிட்டு, அதன் அமைப்புகளை பில்ட்.எஸ்பிடியில் எழுதிக் கமிட் செய்தால், அடுத்தவர் கணினியில் பில்டு ஏறவே ஏறாது. ஜாரைக் கட்டப் பயன்படுவது எதுவோ அது ப்ராஜெக்டோடு இருக்கட்டும். உங்கள் கண்ணுக்கு மட்டும் வேண்டிய சின்ன வசதிகளை ஹோம் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.